செல்மர் டோகனுக்குச் சரியாத குழி வேண்டி

அனுப்புநர்:
வெர்னன் க்வாம்,
செயலர், கல்லறைத் தோட்டக் குழு,
ஹெக்லாண்ட் டவுன்ஷிப், மினசோட்டா.

பெறுநர்:
நிலப் பயன்பாட்டு அலுவலர் அவர்கள்,
வாபெக் கவுண்டி அலுவலகம்.

பொருள்: பழைய சரளைக் குவாரியில் அமைந்த புதிய கல்லறைத் தோட்டம் – மண் தகுதிச் சான்றிதழைத் திரும்பப் பெறவும், வரைபடத்தில் ஓர் இடமாற்றத்துக்கு அனுமதி தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. இறக்க உத்தேசித்திருப்போர் சற்றுப் பொறுக்கவும் என்று அறிவிப்பு ஒட்டும் நிலையில், மூடப்பட்ட சரளைக் குவாரி நிலம் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. புல் பசேலென்று இருந்தது. தங்கள் அலுவலகமும் 'அடக்கத்துக்கு மிக உகந்த மண்' என்று சான்றளித்தது. வேலி போட்டு, வாயிலில் பலகை மாட்டி, முதல் ஆள் யாரோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2. முதல் ஆள் செல்மர் டோகன். அதே குவாரியில் ஓய்வுபெறும்வரை மண் அள்ளும் இயந்திரம் ஓட்டியவர். அவருக்குக் குழி வெட்ட, எங்கள் குழிவெட்டி டுவெய்ன் சென்ற வாரம் இறங்கினார். அரை அடி கருமண்ணுக்குக் கீழே வெறும் மணலும் கூழாங்கல்லும். வெட்ட வெட்டச் சரிந்து, மதியத்துக்குள் குழி வாணலி போல அகன்றுவிட்டது. மேற்பார்வை என்ற பெயரில் விளிம்பில் நின்ற நான், விளிம்போடு சேர்ந்து உள்ளே போனேன். என் எடை இதில் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை; மெலிந்த பாதிரியாரும் மறுநாள் அதே வழியில் போனார் என்பதையும் மறைப்பதற்கில்லை. இடுப்புவரை சரளையில் நின்ற எனக்குக் கை கொடுக்குமுன் டுவெய்ன் சற்று யோசித்தார். "க்வாம், உன் அளவுக்குன்னா குழி கச்சிதமா இருக்குய்யா. அப்படியே மூடிடட்டுமா?" என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தில் காப்பி குடிப்பதற்குள், 'செல்மர் குழிக்கு வெர்னன் முந்திக்கிட்டானாமே' என்று ஊர் முழுக்கப் பேச்சு.

3. தவறு எங்கே என்று தேடிப் பார்த்தோம். சான்றிதழுக்கு ஆதாரமான மண் வரைபடம், குவாரி தோண்டுவதற்கு முன் வரையப்பட்டது. ஆழமான, களி கலந்த மண். வெட்டினால் சுவர் நிற்கும். நீர் நிதானமாக வடியும் என்கிறது அது. அன்று அது உண்மை. பிறகு மேல்மண்ணை வழித்து விற்றார்கள். அடிச் சரளை கவுண்டிச் சாலைகளுக்குப் போனது. மீந்த மணலைக் கொட்டி நிரவி, மேலே கொஞ்சம் கருமண் தூவிப் புல் விதைத்தார்கள். தாங்கள் சான்றளித்த நிலத்தின் மேல்தான் நாங்கள் தினமும் வண்டி ஓட்டுகிறோம். மனிதர் இறந்தால் கவுண்டிக்குத் தகவல் போகிறது. நிலம் இறந்தால் சொல்ல ஆளில்லை. வரைபடத்தில் அது இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

4. இன்னொன்று. இந்த மணலில் ஊற்றிய நீர் நிற்காமல் இறங்குகிறது. சரிவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கிணற்று நீர்தான். ஊர்ப் பெரியவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் அவர்கள் எங்கள் காப்பியில் கலக்க வேண்டாம்.

5. செல்மர் இப்போது பக்கத்து ஊர்ச் சவ அறையில் இருக்கிறார். குளிரில் நிலம் உறைந்து வெட்ட முடியாமல் போனால் வசந்தம்வரை அங்கேயேதான். அவர் மனைவி ஆர்டிஸ் தினமும் காலையில் தொலைபேசியில் அழைக்கிறார். "ஏம்ப்பா வெர்னன், ஒரு குழி கேட்டா குளம் வெட்டி வச்சிருக்கீங்களே! எதுக்கும் காத்துக் கிடக்காத மனுஷனை இப்பப் போய்க் காக்க வைக்கிறீங்க." அந்த ஊரிலேயே அடக்கம் செய்யலாமே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "அங்க அவருக்கு யாரையும் தெரியாதேப்பா" என்றார். அதன்பின் நான் அந்த யோசனையை எடுக்கவில்லை.

6. குவாரியின் வடகிழக்கு மூலையில், ஓக் மரத்தடியில் மட்டும் யாரும் தோண்டவில்லை. டுவெய்ன் அங்கே வெட்டிப் பார்த்தார். வெண்ணெய்க் கட்டியை அறுத்ததுபோல் சுவர் நின்றது. வரைபடம் சொல்லும் மண் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான். மேட்டு நிலம்; கிணறுகளுக்கு எதிர்ப்புறம். அங்கே கல் தரமில்லை என்று செல்மர் முதலாளிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆர்டிஸிடம் விசாரித்தேன். "கல்லாவது, மண்ணாவது! உட்கார்ந்து சாண்ட்விச் திங்க அவருக்கு நிழல் வேணும்ப்பா" என்றார். தாங்கள் ஒப்புதல் தந்த தோட்ட வரைபடத்தில் அந்த மூலை கார் நிறுத்துமிடம். தங்கள் கையெழுத்து இல்லாமல் அங்கே நாங்கள் யாரையும் புதைக்க முடியாது.

7. ஆகவே, சான்றிதழைத் திரும்பப் பெற்று, வரைபடத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கும் ஒருவரை அனுப்புமாறும், கார் நிறுத்துமிடத்தையும் அடக்க நிலத்தையும் இடம் மாற்றிக்கொள்ள, நிலம் உறையுமுன் அனுமதி தருமாறும் வேண்டுகிறேன். கார்களுக்குச் சரளை போதும். செல்மர் தாம் விட்டுவைத்த இடத்துக்கே போகட்டும்.

பணிவுடன்,
வெர்னன் க்வாம்

இடம்: ஹெக்லாண்ட்
நாள்: அக்டோபர் 28

இணைப்பு: காப்பி டப்பா இரண்டு. ஒன்றில் சான்றளிக்கப்பட்ட இடத்து மண். மற்றதில் ஓக் மரத்தடி மண். இரண்டையும் தங்கள் மேசைமேல் கவிழ்த்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒன்று டப்பா வடிவில் அப்படியே நிற்கும். மற்றதற்குத் துடைப்பம் தேவைப்படும்.