பின்னறை ரேடியேட்டர்

தை மாதம், வியாழன் இரவு.

சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய பின்னறை ரேடியேட்டர் இன்றும் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. சனிக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அந்த அறை சூடாகாவிட்டால் சட்டன் ஊரிலுள்ள மாமியார் வீட்டிலேயே நின்றுவிடுவாளாம்.

அடைபட்ட காற்று வெளியேறட்டும் என்று காலையில் அதன் மேல் மூலையில் சிறு சாவியைப் போட்டுத் திருகினேன். காற்று வரவில்லை. தண்ணீர்தான் கம்பளத்தில் தெறித்தது. பிறகுதான் விளங்கியது. வகுப்பில் முன்வாங்குப் பிள்ளைகளே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் பின்வாங்குப் பிள்ளை வாய் திறக்காது. அதேபோல, தண்ணீரைச் சுடவைத்து அனுப்பும் பொயிலருக்குக் கிட்ட இருக்கும் எங்கள் படுக்கையறையே சுடுநீரை எல்லாம் இழுத்துக்கொள்கிறது.

எங்கள் அறை ரேடியேட்டரின் அடி வால்வைச் சற்று மூடினேன். பின்னறை சுட்டது, எங்கள் அறை குளிர்ந்தது. கொஞ்சம் திறந்தேன். பின்னறை மறுபடி ஆறியது. மாலைவரை இதே கூத்து. வாத்தியாராய் இருந்த காலத்தில் எந்த வகுப்பையும் இப்படி நான் திட்டியதில்லை.

இரவு மகள் தொலைபேசியில் என் மனைவியிடம் கேட்டாள்: "அறை சூடோ அம்மா?"

"ஓம் பிள்ளை, நல்ல சூடு. கொப்பா நாள் முழுக்க அதோடைதான் மல்லுக்கட்டினவர்."

போனை வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். "எங்கடை அறை வால்வை முழுசா மூடிவிடுங்கோ. நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கலாம்."

மூடிவிட்டேன். விரல் விறைத்து எழுத்துக் கோணுகிறது. இவள் ஒன்றை யோசிக்கவில்லை. மகள் வந்ததும் குழந்தையை முதலில் கிடத்துவது எங்கள் கட்டிலில்தான்.