வாய் அசைத்த மாப்பிள்ளை

ஸல்த்,
பிப்ரவரி 9

என் அண்ணன் பெற்ற சிங்கமே, ராக்கான்,

நலம்தானே? நீ போனை எடுப்பதில்லை என்பதால் தாளில் எழுதுகிறேன். ஒருவகையில் இதுவே நல்லது. போனில் ஒரு வார்த்தை பேசினால் அது குவைத்து வரைக்கும் ஓடிப்போய், திரும்பி வந்து நம்மையே மிரட்டுகிறது. தாளைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டால் அத்தோடு முடிந்தது. மஸ்கட்டுக்கு விமானம் ஏறும் மருந்துக்கடை நாயிஃபிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குப் பெண் கேட்ட அன்று நான் பேசிய பேச்சை ஊரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் குடும்பத்தில் பெண் கேட்கப் போன கூட்டத்துக்கெல்லாம் முன்னால் உட்கார்ந்தவன் நான். என்னிடம் 'இல்லை' என்று சொன்ன பெண்வீட்டார் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் வீடியோ காலில், திரையைப் பார்த்துப் பெண் கேட்பது எனக்கே புதிது. பெண்வீட்டார் ஊற்றும் காப்பியைத் தொடாமல் வைத்து, அவர்கள் சம்மதம் சொன்ன பிறகு குடிப்பதுதானே முறை? அவர்களோ குவைத்தில். உன் சித்தி ஊற்றிய காப்பியைக் குடிக்க, பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணின் அப்பா அபூ வஜ்தியின் உத்தரவுக்காகப் பெரியவர்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அந்தச் சூட்டில்தான் கொஞ்சம் பேசினேன். நீ முந்நூறு ஆசிரியர்களுக்குத் தலைவன் என்றேன். கடலைப் பார்த்த வீடு என்றேன். இதெல்லாம் வழக்கம்தான், கேட்கிறவர்கள் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். திரையின் மூலையில் நீயும் விடாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தாய். பாராட்டுகிறாய் என்று நினைத்து, அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாய் என்பதையும் சேர்த்தேன்.

பெண்ணின் அண்ணன் வஜ்தி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தான் என்று யார் கண்டது? "யோசித்துச் சொல்கிறேன்" என்று அபூ வஜ்தி திரையை அணைத்துவிட்டார். காப்பி ஆறிப்போயிற்று. இது மறுப்பு அல்ல, மகனே. அங்கே நெட் மெதுவாக இருக்கும்.

உன் சித்தப்பா,
ஃபவ்வாஸ்


மஸ்கட்,
பிப்ரவரி 20

அன்புள்ள சித்தப்பா,

சித்திக்கு என் சலாம். அனுப்பிய ஆலிவ் எண்ணெய் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

நான் உங்களைப் பாராட்டவில்லை. பெரியவர்கள் பேசும்போது இடைஞ்சல் கூடாது என்று வஜ்தி என் மைக்கை அணைத்துவிட்டான். நான் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. இப்போது உங்கள் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி அவர்களுடைய குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். மூலையில் நான் தலையாட்டுவது போலத் தெரிகிறது.

அபூ வஜ்தியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். நான் திரை வழியாகப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். இன்னும் இருவரோடு வாடகை அறையில் இருப்பவன். மைக் அணைந்திருந்தது என்றேன், நம்பவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்: "அளந்தது உங்க சித்தப்பா, சரி. நீ ஏம்ப்பா உக்காந்து தலையாட்டுனே? பொய்க்குத் தலையாட்டுறவனுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

பெண் கேட்டோமே, அந்த ருதைனாவும் நான் வேலை பார்க்கும் அதே இணையப் பள்ளியில்தான் டீச்சர். என் நிலைமை அவளுக்குத் தெரியாததில்லை. தலையாட்டியதுதான் அவளுக்கும் பொறுக்கவில்லை. என் செய்திகளைப் படிக்கிறாள், நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அவளை இழந்துவிடுவேனோ என்று இருக்கிறது சித்தப்பா. உங்கள் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. தயவுசெய்து குவைத்துக்கு எதுவும் பேசி அனுப்பாதீர்கள்.

உங்கள்
ராக்கான்


ஸல்த்,
மார்ச் 6

என் கண்ணே ராக்கான்,

நான் வாயே திறக்கவில்லை. இந்த ஊரில் வேறு எவனாலும் முடியாத காரியம் அது. எனக்கு உடம்புக்கு என்னவோ என்று உன் சித்தி டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நேற்று அபூ வஜ்தியே கூப்பிட்டார். ருதைனா அண்ணனிடம் சண்டை போட்டு முழுப் பதிவையும் வாங்கிப் பார்த்திருக்கிறாள். மைக் அணைந்த முப்பது பிள்ளைகளின் வாயைப் பார்த்தே யாருக்குப் பாடம் புரியவில்லை என்று கண்டுபிடிக்கிறவள் ஆயிற்றே. அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து உன் மூலையைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறாள். "நல்லாப் பாருங்கப்பா. 'போதும் சித்தப்பா, போதும்'னு கெஞ்சிக்கிட்டே இருக்கார். அமைச்சர் வீட்டுப் பிள்ளைங்க பேச்சு வந்தப்புறம் அவர் சொன்னதை மட்டும் நான் வாயால சொல்ல மாட்டேன்."

அப்படி என்னடா சொன்னாய்? சரி, வேண்டாம்.

கோடையில் அவர்கள் இங்கே அம்மான் நகரத்துக்கு வருகிறார்கள். நாம் நேரில் போய்க் கேட்க வேண்டுமாம். போன்களெல்லாம் வாசலில் ஒரு கூடையில், காப்பி அவர்கள் வீட்டுக் காப்பி. இந்த முறை உண்மையைத் தவிர எதுவும் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனேன். மனிதர் பதறிவிட்டார்.

"அய்யோ, அப்படிச் செஞ்சிடாதீங்க ஃபவ்வாஸ். வாடகை ரூம் பையன்னு சொல்லிப் பொண்ணு கேட்டா, என் தம்பிங்க முன்னாடி என் மானம் என்னாவுறது? நீங்க எப்பவும் போலப் பேசுங்க."

ஆகவே உன்னிடமே கேட்கிறேன், என் வாழ்நாளில் முதல் தடவையாக. இந்த முறை உன்னை என்னவாக ஆக்கட்டும்?

உன் சித்தப்பா,
ஃபவ்வாஸ்


மஸ்கட்,
மார்ச் 18

அன்புள்ள சித்தப்பா,

ருதைனா கூப்பிட்டாள். முதல் கால் மணி நேரம் திட்டு மட்டும்தான். என் மைக்கை நானே அணைத்துவைத்துக்கொண்டு கேட்டேன். அதன் பிறகு இருவரும் பேசினோம்.

ஆசிரியன் என்றே சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு என்பதை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

உங்கள்
ராக்கான்