போத்தலின் அடியில் வெள்ளைப் படலம்

அன்புள்ள மஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி குறைய துஆ செய்கிறேன். நான் சுகம். வேலைதான் போகப் பார்த்தது. பயப்படாதே, போகவில்லை.

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நரம்புக் கலங்களைத்தான் ஆராய்கிறோம். கலத்தின் முனையில் செய்தி நிறைந்த நுண்ணிய பைகள் காத்திருக்கும். கல்சியம் உள்ளே வந்தால்தான் அவை மென்சவ்வின் கொழுப்போடு ஒன்றிச் செய்தியை வெளியே கொட்டும். கல்சியம் இல்லாத கரைசலில் கலங்கள் மௌனமாக இருக்க வேண்டும். எங்கள் கலங்களோ மூன்று கிழமையாகத் திரையில் முணுமுணுத்தன. நாங்கள் சவ்வின் கொழுப்பை மாற்றியதன் விளைவு என்றே எல்லாரும் நினைத்தோம்.

நேற்று கரைசல் போத்தலின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் கண்டேன். என் அறையில் தண்ணீர் காய்ச்சும் கேத்தலிலும் அதே படலம்தான். இங்கே குண்டசாலைக் கிணற்று நீரில் அவ்வளவு கல்சியம். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீரை மிச்சம் பிடித்த பழக்கத்தில், போத்தல்களைக் கிணற்று நீரில் அலசியது நான்தான். எங்கள் ஆய்வை நடத்தும் டொக்டர் பஸ்லினாவிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"மூணு கிழமையா பாவம் அந்தக் கொழுப்பையே சந்தேகப்பட்டோமே, சேர்," என்று சிரித்தார். "கண்டுபிடிச்சதும் நீங்கதானே. இனிக் கரைசல் எல்லாம் உங்க பொறுப்பு."

இன்று சுத்தமான போத்தலில் கலங்கள் வாய் திறக்கவில்லை. ஒரு துளி கல்சியம் விட்டதும் திரையில் கோடு துள்ளி எழுந்தது. அறுபத்தெட்டு வயதில் கை தட்டினேன், மஸீனா.

கம்பளிச் சட்டையும் நீ இடித்த மிளகாய்த் தூளும் அனுப்பு. கடையில் வாங்கியது ருசியில்லை. இந்தக் கடிதத்தை உன்னிடம் தரப் புத்தளம் புறப்படும் ஹில்மி வாசலில் நிற்கிறார். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதினேன். படித்துவிட்டு நீ எனக்குப் போன் எடு.

உன்,
நஸீம்