மனோரஞ்சிதம் செய்த உபகாரம்

1982, ஆனி 20

மூன்று வருடமாகப் பூக்காத மனோரஞ்சிதக் கொடியை நாளைக்கு வெட்டிவிடுவதாக இருந்தாள் சரசு. போளூர் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொன்னதிலிருந்து, பலாப்பழத்தையும் அவள் வீட்டுப்படி ஏற விடுவதில்லை.

சாயங்காலம் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாங்க, வூட்ல பலாப்பழ வாசனை அடிக்குது? எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

கட்டிலடி, பரண் எல்லாம் தேடினாள். எனக்கு வியர்த்துவிட்டது. தேடிக்கொண்டே ஜன்னலுக்குப் போனவள் அப்படியே நின்றாள். வெளியே கொடியில், இலைக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் பூ.

"அய்ய, இதுவா! ஒங்கள போய் சந்தேகப்பட்டுட்டேனே!"

பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கொடி பிழைத்தது.

நானும்தான். சாமைப் பானைக்குள் புதைத்திருந்த நான்கு சுளைகளையும் இப்போதுதான் தின்று முடித்தேன். காலையில் கொடிக்கு ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும்.