கீழ் வார்டின் பதினாறு பேர்

22 டிசம்பர் 2004, புதன்

விடாத மழை. ஆஸ்பத்திரி வார்டுக்குள் தண்ணீர் வர இன்னும் ஒரு சாண்தான். ஒவ்வொரு மாரிக்கும் இதே கூத்து. தண்ணீர் வந்த பிறகு ஓட்டம், கத்தல், ஒரு கட்டிலை நாலு பேர் இழுப்பது.

பொறுப்புத் தாதி இடமாற்றமாகிப் போய் ஒரு மாதம். இங்கே தாதியாக இருக்கும் எனக்கு அந்த இடம் வேண்டும். சும்மா கேட்டால் தரமாட்டார்கள். செய்து காட்டிவிட்டுக் கேட்க வேண்டும். மதியம் தாள் எடுத்து எழுதியது:

– பெண்கள் வார்ட், கீழ்த்தளம், 16 பேர்.
– நடக்கக்கூடியவர்கள் 7. முதலில் மேல்மாடிக்கு.
– தூக்க வேண்டியவர்கள் 9. ஆளுக்கு இரண்டு அட்டென்டன்.
– படிக் கதவுச் சாவி இனிப் பூட்டிலேயே. (இவ்வளவு நாளும் ஒஃபிஸ் மேசை லாச்சிக்குள்!)
– கடைசியாக ஒட்சிசன் சிலிண்டர், 9ஆம் கட்டில் ஆஸ்துமாக் கிழவிக்கு.

சிலிண்டருக்கு ஆள் கிடைக்கவில்லை. தண்ணீர் ஏறும்போது கடைசியாகக் கீழே நிற்க யாருக்கு மனம் வரும்? ஒருத்திக்கு முதுகு நோவு. இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. யோகம் அக்காவிடம் கேட்டேன். கல்முனைக் கடற்கரைக்காரி, புருஷனுக்குத் தோணி. பத்து வருடமாக இங்கே அட்டென்டன்.

"ஓம் மிஸ். நான் பாத்துக்கிறன். எழுதுங்க."

24, வெள்ளி

மழை விட்டது. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னமே ஒத்திகை. முதல் தடவை 21 நிமிடம், அடுத்தது 13. ஒரே முணுமுணுப்பு. "மழயும் விட்டுட்டு. இனி எங்கால மிஸ் வெள்ளம்? சும்மா எங்கட இடுப்ப முறிக்கிறீங்க."

டொக்டர் படியில் நின்று பார்த்தார்.

"இத யார் செய்யச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல சேர்."

தலையாட்டினார். வீடு வரும்வரை அந்தத் தலையாட்டல்தான் மனதில்.

28, செவ்வாய்

இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. ஞாயிறு பற்றி எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில். காலை மருந்து கொடுத்து முடியவில்லை. வீதியில் அலறல்: "கடல் வருது! ஓடுங்க!" கடலாவது வருவதாவது என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் கறுப்புத் தண்ணீர், முழங்கால் அளவு. "மேல! மேல!" என்று கத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. ஏழு பேர் படியில். பிறகு மற்றவர்கள், சேலைன் போத்தலும் கையுமாக. பதினாறாவது ஆளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். யோகம் அக்கா இடுப்பளவு தண்ணீரில், சிலிண்டரை இழுத்துக்கொண்டு, படிக்கு நாலு அடி தள்ளி.

"விட்டுட்டு வாங்க அக்கா!"

"இந்தா வந்துட்டன் மிஸ்."

அப்போதுதான் பெரியது வந்தது. மதில் உடைந்த சத்தம். இத்தனை வருட யுத்தத்தில் கேட்ட எந்தக் குண்டும் அப்படி வெடித்ததில்லை. வார்டுக் கதவால் தென்னங்குற்றி, தகரம், ஒரு ஓட்டோ. இரும்புக் கட்டில்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வந்தன. அதில் ஒன்று அக்காவைச் சுவரோடு சேர்த்து அடித்தது. கையை நீட்டினேன். விரல் பட்டது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு தகரம் கத்திபோல இறங்கியது. தண்ணீர் சிவந்தது. அடுத்த நொடி கறுத்தது. ஆள் இல்லை.

மேலிருந்து பார்த்தோம். உடுப்பில்லாத உடம்புகள் மதிலில் மோதி, சுழன்று, மறுபடி மோதி. ஒரு தாய், முடி மரத்தில் சிக்கியபடி. யா அல்லாஹ்.

9ஆம் கட்டில் கிழவி ஒட்சிசன் இல்லாமலே மூச்சு விட்டாள். இப்போதும் விடுகிறாள்.

30, வியாழன்

எல்லோரையும் நற்பிட்டிமுனையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாயிற்று. வகுப்பறைதான் வார்ட், கட்டிலுக்குப் பதில் பாய். டெட்டோல் முடிந்தது. பிண நாற்றம் சோற்றிலும். உம்மா கஞ்சி கொண்டுவந்தா, குடிக்க முடியவில்லை.

யோகம் அக்காவைச் செவ்வாயே எடுத்திருக்கிறார்கள், பின்மதிலுக்குக் கீழிருந்து. அன்றே பொதுக் குழியில். புருஷன் ஞாயிறன்று ஆழ்கடலில் இருந்ததால் தப்பியவர். செய்தி எட்டாமல் இன்னும் அக்காவைத் தேடித் திரிகிறாராம்.

1 ஜனவரி 2005, சனி

டொக்டர் கூப்பிட்டார். "கீழ இருந்த பதினாறு பேரும் உசிரோட. அது உங்கட பிளான். இண்டையில இருந்து நீங்கதான் வார்டுக்குப் பொறுப்பு. கடிதம் பிறகு வரும்."

"யோகம் அக்கா, சேர்..."

"தெரியும். அதுக்கு நீங்க என்ன செய்ற?"

ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். பிறகு அந்தத் தாளில் சிலிண்டருக்கு நேரே நான் எழுதிய பெயர் ஞாபகம் வந்தது.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். யோகம் அக்காவை அந்த வேலைக்குப் போட்டது அவருக்குப் பலம் அதிகம் என்பதால் அல்ல. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் என்பதால்.

3, திங்கள்

காலை பத்து மணி. அக்காவின் புருஷன் வந்தார். இடுப்பில் கிழிந்த சாரம், வெறுங்கால், நகமெல்லாம் சேறு. குழிகளைக் கிண்டியிருக்கிறார்.

"எல்லாரும் மேல நிண்டிருக்கீங்க. என்ர மனிசி மட்டும் ஏன் கீழ நிண்டவ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான்தான் நிக்கச் சொன்ன அண்ணன். முதல்லேயே பேர் எழுதி வச்சிருந்தன்."

மூடிய கையால் குத்தினார், வாயில். பல் உதட்டைக் கிழித்தது. சுவரில் தலை அடிபட்டு விழுந்தேன். மறுபடி ஓங்கினார். அட்டென்டன்மார் பாய்ந்து அவரை நிலத்தில் அழுத்தினார்கள். ஒருவன் விலாவில் உதைத்தான், இரண்டு தடவை.

"விடுங்க அவர! தொடாதீங்க!" என் இரத்தம் அவர் சட்டையில் தெறித்தது.

விட்டார்கள். எழும்பாமல் கிடந்தார். பொலிசைக் கூப்பிடவா என்று டொக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தால் சுவரைப் பிடித்து எழும்பினார்.

"அந்தப் பதினாறு பேரும் எங்க? எனக்குக் காட்டுங்க."

உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு முன்னால் நடந்தேன். ஒவ்வொரு பாயாக நின்றார். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். கிழவியிடம் கூடுதல் நேரம் நின்றார். அவள் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசிப் பாயில் நிமிர்ந்தார்.

"ஒம்பது பேர்தானே இரிக்காங்க."

"மத்தாக்கள் சுகமாகி வீட்ட போயிட்டாங்க அண்ணன்."

"வீடு இரிக்கா அவங்களுக்கு?"

தெரியாது. நான் கேட்டிருக்கவேயில்லை.