நவம்பரில் எடுத்த அளவு

கொழும்புத்துறை,
03.02.2025

திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

நலம். உங்கள் தம்பி வீட்டில் நீங்களும் நலமென்று நம்புகிறேன். என் தையல் மெசினை என்னைக் கேளாமல் உங்கள் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதம் அதற்கல்ல. கதைத்தால் தாடை நோகிறது, அதனால் எழுதுகிறேன்.

பல்லெல்லாம் கழற்றிய இந்த இருபது வருடத்தில் என் கீழ்த்தாடை எலும்பு கரைந்துவிட்டதாம். ஓரிடத்தில் பென்சில் தடிப்புத்தான் மிச்சம். கட்டுப்பல் நிற்க இடமில்லை. கடினமாய்க் கடித்தால் முறியுமாம். நவம்பரில் ஸ்கான் எடுத்து, என் எலும்பின் வடிவத்துக்கே வெளிநாட்டில் டைட்டேனியச் சட்டம் ஒன்று செய்வித்திருக்கிறார்கள். பல் முரசை வெட்டித் திறந்து, எலும்பின்மேல் அதை வைத்துத் திருகாணியால் முடுக்கி, அதில் பல் பூட்டுவார்களாம். இருபதாம் திகதி ஒப்பரேசன்.

நாற்பது வருடம் சட்டை தைத்தவள் நான். ஒருவரும் பழக்கித் தரவில்லை. மூன்று மாதத்துக்கு முந்திய அளவை நம்பித் துணி வெட்டமாட்டேன். டொக்டரிடம் சொன்னேன். சிரித்தார்.

"அம்மா, எலும்பு சட்டையில்லை."

"கரையுது எண்டு சொன்னது நீங்கள்தானே, தம்பி? கரையிற சாமானுக்குப் பழைய அளவோ?"

நேர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீனாம்பிகை


சாவகச்சேரி,
08.02.2025

அன்புள்ள மீனாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். டொக்டரோடு கொழுவ வேண்டாம். கஞ்சி மட்டும் குடியும். முறுக்கைத் தொட வேண்டாம். உம்மை எனக்குத் தெரியும். நீர் ஓம் என்றால் நான் வந்து நிற்கிறேன்.

தியாகு


கொழும்புத்துறை,
12.02.2025

திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

வர வேண்டாம். திரும்ப ஸ்கான் எடுக்காமல் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் மகள் நிவேதனா பாரிசிலிருந்து அழுகிறாள்: "அம்மா, உங்கடை பிடிவாதத்தாலைதான் தாடை உடையப்போகுது." உடையட்டும். பேக்கரிப் பாணை நனைத்து நாக்கால் நசுக்கி விழுங்குகிறேன். கொட்டாவி வந்தால் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொள்கிறேன். இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

மீனாம்பிகை


கொழும்புத்துறை,
18.02.2025

இஞ்சாருங்கோ,

இன்று ஸ்கான் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்து டொக்டர் காட்டினார். மயிரிழை வித்தியாசமில்லை. சட்டம் அப்படியே பொருந்துமாம். "இப்ப திருப்தியோ, அம்மா?" என்றார். ஓம் என்றேன்.

பொய். அளவு பிழையாய்ப் போயிருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டுதான் போனேன். பிழையாய்ப் போயிருந்தால் திரும்பச் செய்ய இரண்டு மாதம் எடுக்கும். அதுவரை ஒருவரும் என் வாயை வெட்டமாட்டார்கள். இனிச் சொல்ல என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. நான் பயந்து நீங்கள் கண்டதில்லை. காணக்கூடாது என்றுதான் வர வேண்டாம் என்று எழுதினேன்.

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற றஜனி ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். நாளை உங்கள் கைக்கு வரும்.

நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். ஐந்து மணித்தியாலமாம். உங்களை வரச்சொல்லவில்லை. கதவுக்கு வெளியே ஒரு வாங்கு இருக்கிறது, முதுகு சாய்க்கலாம். சாவகச்சேரியிலிருந்து முதல் பஸ் ஐந்தரைக்காம். விசாரித்தேன்.

மீனா