இதயமும் இரண்டாம் இருக்கையும்

மார்ச் 3

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்தில் மின் அலை மேலே பிறந்து, கீழே பரவி, அடங்கிவிட வேண்டுமாம். எனக்குப் பழைய மாரடைப்பின் தழும்பு ஒன்று இருக்கிறது. அலை அதைச் சுற்றி வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து, மறுபடி சுற்றுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தறிகெட்டு ஓடுவது அதனால்தான். "அந்தச் சுழல் உடைஞ்சு சிதறிட்டா இதயம் வெறுமனே நடுங்கும், ரத்தத்தைத் தள்ளாது. அப்புறம் நிமிஷக் கணக்குதான்," என்றார். தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த இடத்தைச் சுட்டுவிடலாமாம். இருபதாம் தேதி.

உருப்படியாக ஒன்றும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருப்பது — எங்கள் அலுவலகத்தை இவர் பார்த்திருக்கிறாரோ?

மார்ச் 4

விடுப்பு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முதல் இருக்கையில் பதிவு, இரண்டாம் இருக்கையில் சரிபார்ப்பு, மூன்றில் குறிப்பு, பிறகு மேலாளர். ஒரு வாரம் போதும்.

மார்ச் 11

வரவில்லை.

மார்ச் 12

முதல் இருக்கைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஆறு தடவை விளக்கம் எழுதிட்டேன் சார். ரெண்டாம் சீட்டுதான் திருப்பித் திருப்பி அனுப்புது," என்றார். எனக்கு வந்ததே கோபம். அந்த இரண்டாம் இருக்கைக்கு மனசாட்சி இருக்கிறதா, இது ஒருத்தன் உயிர் என்று கத்தினேன். அவர் தலையாட்டினார். திரும்பிப் போய் என் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் —

ஐயோ. அது நான்.

இருபத்திரண்டு வருடமாக எந்தக் கோப்பையும் திறக்காமலே 'விளக்கம் தேவை' என்று எழுதித் தள்ளுகிறேன். என்னுடையதையும் ஆறு முறை தள்ளியிருக்கிறேன்.

மார்ச் 13

மனைவி சிரிப்பாள் என்று நினைத்து அவளிடம் சொன்னேன். "உங்க கையாலேயே சாகப் பாத்தீங்களா?" என்று அழுதாள். எனக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

இன்று கோப்பு ஏழாம் முறை வந்தது. பேனாவை எடுத்தால் கை தானாக 'விளக்' வரை எழுதிவிட்டது. அடித்துவிட்டு நானே மேலாளரிடம் கொண்டுபோனேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20

போகிறேன்.

மார்ச் 22

சுட்டுவிட்டார்கள். மிளகளவு இடமாம். அலைக்கு இனி திரும்பி வர வழியில்லை.

ஏப்ரல் 15

வேலைக்குத் திரும்பினேன். என் மேசையைக் காணோம். நான் இல்லாத நாட்களில் கோப்புகள் முதல் இருக்கையிலிருந்து நேராக மூன்றுக்குப் போய் மாலைக்குள் முடிந்துவிட்டனவாம். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல், "தப்பா எடுத்துக்காதீங்க, இப்ப எதுவும் நிக்கிறதில்ல," என்றார்.

மேசை இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. அங்கேயே நின்று நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு. ஒழுங்காகத்தான் இருந்தது.